கழுத்தில் கட்டி... ரிப்போர்ட்டில் குழப்பம்!

டி.எஸ்.ஹெச். 0.02 என்று இருந்தது. பக்கத்திலேயே, 0.4 முதல் 4 வரை இருந்தால் சரி என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கீழே ஃப்ரீ டி4, இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று அர்த்தமாம். கூடவே ஸ்கேன் ரிப்போர்ட் வேறு: கழுத்தின் வலது பக்கம் 1.8 செ.மீ. கட்டி.

கட்டியை முதலில் கவனித்தது என் மகள். தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஏதோ உருண்டை ஏறி இறங்குகிறது என்றாள். எனக்கு 46 வயது. விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம். மாமியார் உப்பை மாற்றச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, முட்டைக்கோஸைத் தொடாதே என்றார். யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த ஒரு வார்த்தையைத்தான் ராத்திரியெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பார்த்த டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். "கட்டியே ஹார்மோனைச் சுரக்குதுன்னு நினைக்கறேன். அந்த மாதிரி கட்டி புற்றுநோயா இருக்கறது ரொம்ப அபூர்வம். ஊசி போட்டுப் பார்க்க இப்ப அவசரமில்லை. முதல்ல நியூக்ளியர் ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார். அப்பாடா என்றிருந்தது.

பிறகு கேள்விகள். படபடப்பு? இல்லை. கை நடுக்கம்? இல்லை. எடை குறைஞ்சிருக்கா?

"மூணு கிலோ ஏறியிருக்கு டாக்டர்!"

தூக்கம்? பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவேன். அவர் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். சிலருக்கு அறிகுறி வெளியே தெரியாது என்று சொல்லி, தைராய்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை எழுதினார். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வெள்ளை அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்தால் யாருமே அதைத்தான் செய்திருப்பார்கள்.

"எதுக்கும் இன்னொரு தடவை ரத்தம் கொடுத்துப் பாரு" என்றார் கணவர். அதே லேப். இந்த முறை 0.03. "மெஷின் ரெண்டு தடவையுமா தப்பா சொல்லும்?" என்று அவரே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் உடம்பு ஒன்று சொல்ல, ரிப்போர்ட் இன்னொன்று சொல்வது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாளே ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவரின் அப்பாயின்ட்மென்ட் கிடைத்ததால், மாத்திரை அட்டையைப் பிரிக்கவில்லை.

அந்த அம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நிமிடம் முழுசாக நாடி பிடித்துப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாள் அசையவே இல்லை.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். சுகர், பிரஷர் எதுவும் கிடையாது."

"வைட்டமின்? முடிக்கு, நகத்துக்கு, மூட்டுக்கு?"

டெங்கு வந்து போனபின் கொத்துக்கொத்தாக முடி கொட்டியதற்கு, தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒன்று நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு போன் செய்து, அட்டையை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பயோட்டின், 10 மில்லிகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவைப்படுவதோ சுமார் 30 மைக்ரோகிராம்தான். அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல்!

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பல லேப் மெஷின்களில் ஹார்மோனைப் பிடித்து நிறுத்தும் பசையே பயோட்டின்தான். நம் ரத்தத்திலும் அது எக்கச்சக்கமாக இருந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல மொத்த இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. டி.எஸ்.ஹெச். மெஷினின் கண்ணில் படாமல் போய், அளவு குறைவாக வருகிறது. டி4 சோதனையின் கணக்கு தலைகீழ். அதனால் அது அதிகமாக வருகிறது. தைராய்டு அதிகம் சுரப்பவர்களின் ரிப்போர்ட் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். எல்லா மெஷினிலும் இந்தக் குழப்பம் வராது. என் ரத்தம் இரண்டு தடவையும் ஒரே மெஷினுக்குத்தான் போயிருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனின் சோதனையைக்கூட இது ஏமாற்றிவிடுமாம்.

தைராய்டு பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாளாவது பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் அறிவுரை. என்னை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். பிறகு எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். 2.1. டி4-ம் சரியாக இருந்தது.

சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஹார்மோன் சரி என்றால், கட்டி எதையும் சுரக்கவில்லை. 'அபூர்வம்' என்ற ஆறுதலும் அதோடு போயிற்று. ஊசிப் பரிசோதனை உடனே தேவை என்றார் டாக்டர். இல்லாத நோய்க்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு, இருக்கிற கட்டியைத் தள்ளிப் போட்டிருப்போமே என்று நினைத்தபோதுதான் உண்மையில் கை நடுங்கியது.

எஃப்.என்.ஏ.சி. எனும் அந்தப் பரிசோதனையை, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் செய்தார்கள். வலி காது குத்தியதைவிடக் குறைவுதான். எச்சில் விழுங்கக் கூடாது என்றதும் தொண்டை உடனே விழுங்கத் துடித்தது பாருங்கள், அதுதான் கஷ்டம். ரிப்போர்ட் வர நான்கு நாள். அந்த நான்கு நாளில் வீட்டுப் பரண் மொத்தத்தையும் சுத்தம் செய்துவிட்டேன்.

பெதஸ்டா 2 என்று வந்தது. சாதாரணக் கட்டி. அறுவை சிகிச்சை வேண்டாம், ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்கள். பிரிக்காத மாத்திரை அட்டையை மெடிக்கல் ஷாப்பில் முணுமுணுத்துக்கொண்டே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். டெங்குவுக்குப் பின் கொட்டும் முடி சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்நெற்றியில் இப்போது குட்டிக்குட்டியாக முளைத்திருக்கிறது. எண்ணெய் வைத்தாலும் படிய மாட்டேன் என்கிறது.