யார் பிழை? எங்கே பிழை?

இயந்திரம் ஒன்று இயங்க மறுக்கும்போது அதனைச் சூழ்ந்து நிற்போரிடையே இரண்டு வினாக்கள் எழுகின்றன. ‘யார் பிழை?’ என்பது ஒன்று, ‘எங்கே பிழை?’ என்பது மற்றையது. முதல் வினாவுக்கு விடை விரைவிற் கிடைத்துவிடும். நிற்போருள் எவனுக்குச் சம்பளம் மிகக் குறைவோ அவனை நோக்கி எல்லோருடைய விரல்களும் நீளும். இரண்டாம் வினாவுக்கு விடை காண்பதற்கோ பொறுமையும் அளவுகருவியும் வேண்டும். காணும் விடை யாருக்கு இடைஞ்சலாயினும் அதனை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் வேண்டும். ஆசிரியரும் மாணவருமாகிய வாசகர்கள் முன் இவ்விரு வினாக்களையும் வைப்பதற்கு ஒரு மோட்டார் வண்டியின் கதை நமக்குத் துணை செய்கிறது.

அவ்வண்டியின் எஞ்சின் சாதாரணமானதன்று. நாம் வீதியிற் காணும் வாகனங்களின் எஞ்சின்களிலே பிஸ்டன்கள் மேலுங் கீழும் ஓடுகின்றன. ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கெலின் பெயரால் வழங்கும் எஞ்சினிற் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இடை சிறுத்த முட்டை போன்ற அறையொன்றினுள்ளே, பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுழல்கிறது. காற்றையும் பெற்றோலையும் உள்ளிழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளித்தள்ளுதல் ஆகிய நான்கு தொழில்களும் அம்முக்கோணத்தின் மூன்று முகங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாய் நடைபெறுகின்றன. சுழலி ஒருமுறை சுற்றி வருவதற்குள் நடுத்தண்டு மூன்றுமுறை சுற்றிவிடும். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முகத்தின் அமுக்கம் நிகழும். இக்கணக்கை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ‘அபெக்ஸ் சீல்’ எனப்படும் மெல்லிய பட்டை ஒன்று, அடியிலே வில்லினால் உந்தப்பட்டு, அறைச்சுவரை உராய்ந்தவாறு செல்லும். ஒரு முகத்தின் வாயு மறுமுகத்துக்குக் கசியாமற் காப்பது அதுவே. எஞ்சினின் உயிர் அப்பட்டையின் விளிம்பிலேதான் இருக்கிறது எனலாம்.

இவ்வெஞ்சின் 1957 பெப்ரவரியில் ஜேர்மனியின் நெக்கார்சுல்ம் நகரிலுள்ள என்.எஸ்.யூ. தொழிற்சாலையில் முதன்முதலாக இயங்கியது. 1961இல் அதனைச் செய்யும் உரிமையை யப்பானிய நிறுவனம் ஒன்று பெற்றது. இன்று மஸ்டா என்று நாம் அறியும் அந்நிறுவனம், அணுகுண்டு விழுந்து பதினாறு ஆண்டுகளே கழிந்திருந்த ஹிரோஷிமாவைச் சேர்ந்தது. அங்கே பரீட்சித்த எஞ்சின்களின் அறைச்சுவர்களில், வரிவரியான தழும்புகள் விழுந்தன. ஓட்டத்திலே எஞ்சின் பாழாயிற்று. ‘பிசாசின் நகக்கீறல்’ என்று அத்தழும்புகளுக்குப் பெயரிட்டனர் அங்குள்ளோர்.

ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கெனிச்சி யமமோட்டோ. பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் கற்றவராயினும், 1946இல் அத்தொழிற்சாலையிற் சேர்ந்தபோது, முச்சக்கர லொறிகளின் கியர்ப்பெட்டிகளைப் பொருத்தும் தொழிலாளியாகவே வாழ்வைத் தொடங்கியவர் அவர். அவரும் அவருடைய குழுவினரும் பலவகைப் பொருள்களாற் சீல் செய்து பார்த்தனர். தழும்பு மறையவில்லை. ஈற்றில், பட்டை தனக்கே இயல்பான அதிர்வில் துடித்துச் சுவரிலே துள்ளி விழுகின்றது என்பதைக் கண்டனர். பட்டையின் விளிம்பை அடுத்துத் துளையிட்டு அவ்வதிர்வை மாற்றியபோது தழும்பும் மறைந்தது. பின்னர் கரியும் அலுமினியமும் சேர்ந்த சீலோடு, 1967 மே மாதத்தில், கொஸ்மோ ஸ்போர்ட் என்னும் வண்டி விற்பனைக்கு வந்தது. பிசாசு என்று பெயரிட்டதோடு அவர்கள் அமைந்திருந்தால் அவ்வண்டி பிறந்திராது.

நிற்க. அந்த மரபில் வந்த ஆர்.எக்ஸ்.8 என்னும் வண்டி 2003 முதல் 2012 வரை செய்யப்பட்டது. யப்பானிற் பழசான வண்டிகள் கப்பலேறி இலங்கைக்கு வருவது யாவரும் அறிந்ததே. அவ்வாறு வந்த ஒன்று கொழும்பின் புறநகர்க் கராஜ் ஒன்றுக்குப் பழுதாய் வந்து சேர்ந்தது. அக்கராஜிலே நம்மிடம் விஞ்ஞானம் பயின்ற மாணவன் ஒருவன் தொழில் பழகிக்கொண்டிருந்தான். தாய் தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். சாதாரணதரப் பரீட்சையிற் கணிதத்தில் நல்ல சித்தி பெற்றும், உயர்தர வகுப்புக்கு வழியின்றி மலையிறங்கி வந்தவன். 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் அவனைக் காணச் சென்ற நாம், எஞ்சின் அறையைச் சூழ்ந்து நின்ற ஒரு கூட்டத்தையே கண்டோம்.

எஞ்சினைக் கழற்றிப் புதிய சீல்கள் இட்டு மீளப் பூட்டி நான்கு நாள்களாகியிருந்தன. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலும், பெற்றோல் மணக்கும், பற்றாது. சீல்களையும் அவற்றின் விற்களையும் இட்டவன் அப்பையன். ஆகவே கராஜ் முதலாளி தீர்ப்பை எழுதிவிட்டார்: வில்லைத் தலைகீழாகப் போட்டிருக்கிறான், அல்லது சீலை உடைத்திருக்கிறான், எஞ்சினை மறுபடி கழற்றுவதற்கான செலவு அவன் சம்பளத்திற் கழிக்கப்படும், அதன்பின் அவன் வீட்டுக்குப் போகலாம். “சேர், நான் ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துத்தான் போட்டேன்” என்றான் பையன். அவன் சொல்லை யார் கேட்டார்?

கேட்டவர் ஒருவர் இருந்தார். நாற்பது ஆண்டு அத்தொழிலில் உழைத்த சிங்கள முதியவர். யாவரும் அவரைப் ‘பாஸ்’ என்றே அழைப்பர். “கழற்றுவதற்கு முன் பார்ப்போம், மல்லி” என்றார் அவர். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் வழங்கும் அச்சொல் அன்று அக்கராஜில் ஒலித்த ஒரே உறவுச் சொல்லாயிருந்தது.

அவர் தேடிய ஒழுங்கு நம் பாடசாலை ஆய்வுகூடங்களுக்கும் ஏற்றது. சுழலிக்கு இரண்டாக நான்கு பிளக்குகளையும் கழற்றினார். யாவும் பெற்றோலில் நனைந்திருந்தன. எனவே எரிபொருள் வருகிறது, வேண்டியதிலும் மிகுதியாகவே வருகிறது. கொயில்களைச் சோதித்தார், தீப்பொறி நான்கிலும் இருந்தது. வயர்கள் முன்பின் மாறவில்லை. எஞ்சியது அமுக்கம். சாதாரண அளவுமானி மூன்று முகங்களுள் மிகுந்த அமுக்கத்தையே காட்டி மற்றவற்றை மறைத்துவிடும். ஆதலால் அதன் அடைப்பானை அகற்றிவிட்டுப் பொருத்தினார். இப்போது ஒவ்வொரு முகம் கடக்கும்போதும் முள் எழுந்து விழுந்தது. சீல் உடைந்திருப்பின் முள்ளின் எழுச்சிகளிடையே ஒரு தளர்வு தோன்றியிருக்க வேண்டும். அங்கே அத்தகைய தளர்வு இல்லை. இரு சுழலிகளின் ஆறு முகங்களும் ஏறக்குறைய ஒரே அளவாய் எழுந்தன. ஆனால் எல்லாமே தாழ்ந்திருந்தன.

எல்லாமே ஒருங்கு தாழ்ந்திருப்பின் காரணமும் எல்லாவற்றுக்கும் பொதுவானதாய் இருத்தல் வேண்டுமன்றோ? இவ்விடத்திற் பையனின் கணக்கு துணைக்கு வந்தது. அமுக்கத்தை அளக்கும்போது தண்டு நிமிடத்துக்கு 250 முறை சுழல வேண்டும் என்பதும், அப்போது அமுக்கம் சதுர சென்றிமீற்றருக்கு 6.9 கிலோகிராமிற் குறையலாகாது என்பதும் அவ்வெஞ்சினுக்குரிய விதி. பையன் கைத்தொலைபேசியில் முள்ளின் ஓட்டத்தைப் படம்பிடித்து, வேகத்தைத் தாழ்த்தி எண்ணினான். பத்து வினாடியில் 27 எழுச்சிகள். தண்டின் ஒரு சுற்றுக்கு ஓர் எழுச்சி. எனவே நிமிடத்துக்கு 162 சுற்று. இருக்க வேண்டியதோ பத்து வினாடியில் 41 அல்லது 42. தாளிலே எழுதி அவன் நீட்டியபோது பாஸ் அதனை இருமுறை பார்த்தார். பின்னர் எஞ்சினை விட்டுவிட்டு ஸ்ராட்டரையும் பற்றரியையும் நோக்கினார்.

வாங்கெல் எஞ்சின் மெதுவாய்ச் சுழன்றால் சீல்கள் சுவரோடு நன்கு ஒட்டமாட்டா, அமுக்கம் குறையும், பெற்றோல் எரியாது தங்கும். தங்கிய பெற்றோல் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்; அதனால் அமுக்கம் மேலும் குறையும். நான்கு நாள்களாகச் சாவியைத் திருப்பத் திருப்ப நோய் வளர்ந்ததன் காரணம் இதுவே. எஞ்சினைப் புதுப்பித்தபோது, தேய்ந்துபோயிருந்த ஸ்ராட்டரையும் தளர்ந்த பற்றரியையும் மாற்ற வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தாராம். செலவைக் கருதிப் பழையவற்றையே பூட்டச் சொன்னவர் முதலாளி.

பஞ்சிகாவத்தையிலிருந்து வேறொரு ஸ்ராட்டர் வந்தது. நல்ல பற்றரி ஒன்று இணைக்கப்பட்டது. பிளக்குகளைக் கழற்றிய நிலையில் எஞ்சினைச் சுழற்றித் தேங்கிய பெற்றோலை வெளியேற்றினர். ஒவ்வொரு துளையிலும் சிறிதளவு எண்ணெய் விட்டு, காய்ந்த பிளக்குகளைப் பூட்டினர். பெற்றோல் பாய்வது நிற்கும் பொருட்டு அக்சிலறேற்றரை முற்றாய் மிதித்தவாறு சாவி திருப்பப்பட்டது. எஞ்சின் இருமுறை விக்கிற்று. வெண்புகை கராஜை நிரப்பிற்று. மிதியைத் தளர்த்தியதும் எஞ்சின் நின்று ஓடத் தொடங்கியது. பையன் சிரிக்கவில்லை. எண்ணெய்த் துணியால் கைகளை நெடுநேரம் துடைத்துக்கொண்டே நின்றான்.

அவனுடைய வேலை தப்பியது. ஆயினும் எஞ்சின் ஓடாதிருந்த நான்கு நாள்களுக்கும் அவனுக்குச் சம்பளம் இல்லை என்றார் முதலாளி. 1941ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்ட சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அநுமதிக்கப்பட்ட கழிவுகளையன்றி வேறெதனையும் தொழிலாளியின் சம்பளத்திற் கழித்தலாகாது என்கிறது. நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இல்லாத பையன் எந்தத் தாளைக் காட்டி அச்சட்டத்தின் வாயிலைத் தட்டுவான்? வேலை பழகுகிறவன் என்ற பெயரே அவனைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. அந்த நான்கு நாட் சம்பளம் பின்னரும் கொடுபடவில்லை.

ஆசிரியர்களாகிய நம்மிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பரிசோதனை என்பதைப் பரீட்சைத் தாளின் ஒரு பகுதியாக மட்டும் நாம் கற்பித்து வருகிறோம். அமுக்கமானியின் முள்ளை எண்ணத் தெரிந்தமையால் ஓர் ஏழைப் பையன் பழியிலிருந்து மீண்டான். எண்ணத் தெரியாதிருந்தால் அன்றிரவே மலைநாட்டு பஸ்ஸில் ஏறியிருப்பான், உடைந்த சீலை உள்ளே தேடி எஞ்சினும் வீணே கழற்றப்பட்டிருக்கும். அவ்வாறு ஏறிச் சென்றோர் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணியதில்லை. விகிதசமத்தைக் கரும்பலகையில் எழுதும்போதே அதனைக் கொண்டு தன் சம்பளத்தைச் சரிபார்க்கவும், தன்மேற் சுமத்தப்பட்ட குற்றத்தை அளந்து பார்க்கவும் மாணவனுக்குக் கற்பிப்போமாக. வேலைக்குச் செல்லும் முதல்நாளே நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் அதே வகுப்பிற் சொல்லிவைப்போமாக. இரண்டும் ஒரே பாடத்தின் இரு பகுதிகளே.