ஒரே கதவிலக்கம்

இரவெல்லாம் எரிந்து சூடேறிய மோடத்தின் பக்கத்தில் குனிந்தால் காய்ந்த பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த ஒரு வாசனை வருகிறது, தாத்தாவின் வால்வு ரேடியோவுக்கும் இதே வாசனைதான், குமிழைத் திருகினதும் பேசிவிடாது, வால்வுகள் சூடாகி முகப்பில் மஞ்சள் வெளிச்சம் நிறைந்த பிறகே குரல் வரும், அதுவரை தாத்தா மேல்துண்டால் மரப்பெட்டியைத் துடைத்தபடி நிற்பார்.

தாத்தா இருந்தது திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில், எத்தனை குடும்பம் இருந்தாலும் கதவிலக்கம் ஒன்றுதான், தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் வாசல் போர்ஷன் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், மூக்குப்பொடி மணக்கும் விரல்களால் பாட்டி இன்லண்டுகளைப் புரட்டுவாள், பெயர் சரியாக இல்லாவிட்டாலும் போன வாரம் மதுரைக்கு எழுதியது மாடி வீட்டு மாமி என்பது நினைவிருக்கும், பதில் நேரே மாடிக்குப் போய்விடும்.

பிறகு தஞ்சாவூரில், அண்ணன் வாங்கி வந்த டயல்-அப் மோடம், 56 கே, டெலிபோன் கம்பியில் அது கீச்சிட ஆரம்பித்தால் வீட்டுக்கு வேறு போன் வராது, அப்பா அடிக்கடி ரிசீவரை எடுத்துக் கேட்டுப் பார்ப்பார், உடனே இணைப்பு அறுந்துவிடும், கம்பியில் வரும் அலையைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவதோடு அந்த மோடத்தின் வேலை முடிந்தது, பங்கு பிரிக்க அதற்குத் தெரியாது.

இப்போது இணையப் பெட்டியைப் பொருத்த வருகிற பையன் அதிகம் பேசுவதில்லை, இது மோடம் மட்டுமா, இணைப்பைப் பங்கு பிரிக்கும் ரவுட்டரும் சேர்ந்ததா என்று கேட்டால் "வைஃபை வரும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறான், ரவுட்டர் தனியாக வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர், அதனால் கணினியில் ஐபிகான்ஃபிக் என்று அடித்துப் பார்த்தேன், முகவரி 192.168.1.4 என்று வந்தது, போனில் 192.168.1.5, இந்த வரிசை 1996-இல் வகுத்த விதிப்படி உள்புழக்கத்துக்கு மட்டுமானது, வெளி இணையத்தில் செல்லாது, கம்பிக்கும் கணினிக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரே பெட்டி, ஆக இரண்டு எண்களையும் கொடுத்தது அதுதான், வெளியே ஒரே முகவரியைக் காட்டிக்கொண்டு, உள்ளே யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்து, பதிலை உரியவரிடம் சேர்க்கிறது, வாசல் பாட்டியின் வேலையேதான், ஆனால் கரண்ட் போய் வந்தால் குறித்ததெல்லாம் மறந்துவிடும், மாடி மாமிக்கு உடம்பு எப்படி என்று விசாரிக்கவும் தெரியாது.

பிரிட்ஜ் முறையில் வைத்திருந்தால் சங்கதி வேறு, அப்போது பெட்டி வெறும் மோடமாகவே நிற்கும், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கணினியே நுழைய வேண்டும், கூட இன்னொரு கருவியும் வேண்டுமென்றால் ரவுட்டர் வாங்கத்தான் வேண்டும், இங்கே அப்படியில்லை, இதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டினால் இரண்டும் முகவரியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பது போன்ற காரியங்கள் சிக்கலாகும், பின்கட்டு அறைக்குச் சிக்னல் எட்டவில்லையென்றால் மட்டும் ஒன்று வாங்கி, சிக்னலை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்டாக மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.