கிணற்றின் ஆழமும் விரலின் உணர்வும்

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே கரூரை நோக்கிச் செல்லும் பாதையில் எரியோட்டைத் தாண்டியதும் குஜிலியம்பாறை வட்டாரம் தொடங்குகிறது. ஊரின் பெயரிலேயே பாறை இருக்கின்றது. கரூரில் காவிரி ஓடினாலும், அதன் வாய்க்கால்கள் இந்த மேட்டு நிலத்திற்கு ஏறி வருவதில்லை. வானத்தை நம்பிச் சோளம், கம்பு, நிலக்கடலை விதைக்கிறார்கள். முருங்கை வளர்க்கிறார்கள். வேலி ஓரங்களில் ஆடுகள் மேய்கின்றன. கரிக்காலிப் பக்கம் சுண்ணாம்புக் கல்லை நம்பிச் சிமெண்ட் ஆலை நடக்கிறது. வேடசந்தூர்ப் பகுதியின் நூற்பாலைகளுக்குப் பெண்மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் விடியலிலேயே புறப்பட்டுவிடுகின்றன. 1988-ல் திறக்கப்பட்ட திண்டுக்கல் - கரூர் இருப்புப் பாதை எரியோடு, பாளையம் நிலையங்கள் வழியே இந்த வறண்ட வெளியை ஊடறுத்துப் போகிறது.

இங்கே நிலத்தின் செல்வமும் துயரமும் தண்ணீர்தான். முன்னோர் வெட்டிய கமலைக் கிணறுகள் வற்றின. பிறகு திருச்செங்கோட்டு லாரிகள் வந்து ஆழ்துளைக் கிணறுகளைப் போட்டன. நூறடியில் கிடைத்த நீர் முந்நூறடிக்குப் போயிற்று, முந்நூறு அறுநூறாயிற்று. கடன் வாங்கித் துளையிட்டும் நீர் காணாத குடும்பங்கள் பல. அப்படித் தோற்றுப்போன துளை என்ன ஆகிறது? மேல்மண் சரியாமல் இருக்க இறக்கிய குழாயை, காசு கொடுத்து வாங்கிய பொருளாயிற்றே என்று, வேறோர் இடத்திற்கு உருவிக்கொண்டு போகிறார்கள். குழாய் போனபின், சாண் அகலம்கூட இல்லாத ஒரு வாய் தரை மட்டத்தில் திறந்தே கிடக்கிறது. மழை பெய்து புல் முளைத்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

எண்பது மணி நேரம்

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, அடுத்த மாவட்டத்தில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25-ஆம் நாள் மாலை, இரண்டு வயதுக் குழந்தையொன்று இத்தகைய துளையில் விழுந்ததை வாசகர் எவரும் மறந்திருக்க முடியாது. முதலில் முப்பதடிக்கும் குறைந்த ஆழத்தில் தங்கிய குழந்தை, பின்னர் எண்பது அடிக்கும் கீழே நழுவிச் சென்றது. கேமராவை இறக்கினார்கள், பிஞ்சுக் கை தெரிந்தது. கயிற்றுச் சுருக்கை அந்தக் கையில் மாட்ட முயன்றார்கள். பல ஊர்களிலிருந்து தாங்களே வடிவமைத்த கருவிகளுடன் வல்லுநர்கள் ஓடி வந்தார்கள். அருகிலேயே மற்றொரு குழி தோண்டத் தொடங்கியபோது கடும்பாறை வழி மறித்தது. அந்த ஆண்டின் தீபாவளி தமிழகமெங்கும் விம்மலோடும் வேண்டுதலோடும் கழிந்தது. ஏறத்தாழ எண்பது மணி நேரத்திற்குப் பிறகு, 29-ஆம் நாள் அதிகாலையில், குழந்தை உயிருடன் இல்லை என்ற செய்தி வந்தது.

கருவிகளால் எப்போதுமே ஆகாது என்று சொல்லிவிடவும் முடியாது. மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்பவர் தம் சொந்த முயற்சியால் உருவாக்கிய எந்திரக் கையைக் கொண்டு, 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை உயிருடன் மேலே கொண்டுவந்தார். ஓரிடத்தில் கைகூடியது மற்றோரிடத்தில் ஏன் கைகூடவில்லை? துளையின் அகலம், குழந்தை சிக்கியிருக்கும் நிலை, ஈர மண் என்று காரணங்கள் பல. அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய குறை இருக்கிறது. கேமரா நமக்குக் கண்ணைக் கொடுக்கிறது. எந்திரக் கை வலிமையைக் கொடுக்கிறது. ஆனால் மேலே நின்று அதை இயக்குபவரின் விரலுக்கு, கீழே பற்றியது மண்ணா, சட்டையா, குழந்தையின் மணிக்கட்டா என்பது தெரிவதில்லை. இறுக்கினால் எலும்பு நொறுங்குமோ என்ற அச்சம். தளர்த்தினால் நழுவுமோ என்ற அச்சம்.

கிண்டிக் காட்டின் நிழலில்

இந்தக் குறையை நீக்கும் கல்வி எங்கே நடக்கிறது என்று தேடுபவர், திண்டுக்கல்லில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலை சென்னையில் இறங்கலாம். அங்கே கிண்டிக் காட்டை ஒட்டி, 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பெரிய ஆலமரங்கள், அச்சமின்றிப் புல் மேயும் புள்ளிமான்கள், மிதிவண்டியில் விரையும் மாணாக்கர் என்று, வறண்ட நிலத்திலிருந்து செல்பவருக்கு அது வேறோர் உலகமாகத் தோன்றும். அங்கே பேராசிரியர் மணிவண்ணன் அவர்களின் தலைமையில் இயங்கும் ஆய்வுக்கூடத்தின் பெயரே ‘டச் லேப்’, அதாவது தொடுகை ஆய்வுக்கூடம். மெய்நிகர் உலகைக் கண்ணுக்குக் காட்டினால் போதாது, கைக்கும் உணர்த்த வேண்டும் என்பதே அதன் நாட்டம். தட்டையான கண்ணாடித் திரையில் விரலை ஓட்டும்போது, மின்புலத்தால் உராய்வைக் கூட்டியும் குறைத்தும், சொரசொரப்பையும் வழவழப்பையும் விரலுக்கு உணர்த்தும் திரை ஒன்றை அங்குள்ள ஆய்வாளர் உருவாக்கியுள்ளனர். அதற்கு ‘ஐடாட்’ என்று பெயர்.

இத்துறையின் வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர், அணுக்கதிர் வீசும் பொருள்களைத் தொலைவில் நின்று கையாள, 1940-களின் இறுதியில் எந்திரக் கைகளை அமைத்தார். 1954-ல், கீழ்க்கை சந்திக்கும் எதிர்ப்பை மேல்கைக்கும் உணர்த்தும் மின் கையை உருவாக்கினார். 1968-ல் இவான் சதர்லேண்ட் தம் மாணாக்கருடன் தலையில் அணியும் காட்சிக் கருவியைச் செய்தார். வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் புரூக்ஸும் அவருடைய மாணாக்கரும் 1967-ல் தொடங்கிய ஆய்வில், ஆர்கான் கையையே கணிப்பொறியோடு இணைத்தார்கள். கண்ணுக்கெட்டாத மூலக்கூறுகளின் விசைகளைக் கையால் உணரச் செய்தார்கள். எந்திரமும் மெய்நிகர் காட்சியும் ஒன்றையொன்று தேடிய கதை இது. இக்கதையில் மாணாக்கரின் உழைப்பு எங்கும் விரவிக் கிடக்கிறது.

அந்த உழைப்பு எத்தகையது? ஈரக் குடத்தைத் தூக்கும் நம் வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து குடம் நழுவத் தொடங்கினால், அவர் எண்ணிப் பார்க்கும் முன்னரே விரல்கள் இறுகிவிடுகின்றன. தோலுக்கடியில் உள்ள நரம்பு நுனிகளுள் சில அழுத்தத்தையும், சில அதிர்வையும், சில நழுவுதலையும் உடனுக்குடன் அறிவிக்கின்றன. திரைப்படத்தில் நொடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடினால் கண் ஏமாந்துவிடும். கையோ அவ்வளவு எளிதில் ஏமாறாது. கெட்டியான பொருளைத் தொட்டதாக அது நம்ப, நொடிக்கு ஆயிரம் முறை அளவில் செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். செய்தி சிறிது தாமதித்தாலும் எந்திரக் கை நடுங்கத் தொடங்கிவிடும். அந்த நடுக்கத்தைத் தணிக்கவே ஓர் ஆய்வு மாணாக்கர் இரண்டு மூன்று ஆண்டுகளைச் செலவிட நேரலாம். வெளியார் பார்வைக்கு அது விளையாட்டுப் போலத் தோன்றும். தலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெறுங்காற்றைத் தடவும் ஓர் இளைஞரைக் கண்டால் சிரிப்புக்கூட வரும். எண்பதடி ஆழத்தில் ஒரு மணிக்கட்டைப் பக்குவமாகப் பற்றும் கலை அந்தத் தடவலில்தான் பழகப்படுகிறது.

ஆய்வேடு அலமாரியிலேயே உறங்கிவிடும் என்று எண்ணவும் வேண்டாம். அதே கழகத்தில், பேராசிரியர் பிரபு ராஜகோபால் அவர்களின் வழிகாட்டுதலில், முதுகலை மாணவர் ஒருவரின் இறுதியாண்டு ஆய்விலிருந்து ‘ஹோமோசெப்’ என்னும் எந்திரம் பிறந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்காமலே, குடைபோல விரியும் கத்திகளால் கெட்டிப்பட்ட கழிவைக் கலக்கி, உறிஞ்சி எடுக்கும் எந்திரம் அது. நச்சு வாயுவால் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் முன்னின்று நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம் அதன் முதல் எந்திரங்கள் ஒப்படைக்கப்பட்டன. மனிதனை விழுங்கும் குழி ஒன்றுக்கு ஒரு மாணவரின் ஏடு விடை கண்டிருக்கிறது.

நம் பங்கு

எந்திரக் கை முழுமை பெறும் நாள் வரட்டும். அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது. உச்சநீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே தெளிவான நெறிகளை வகுத்திருக்கிறது. துளையிடுமுன் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்வேலி வேண்டும். குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் ஓரடி, கீழ் ஓரடி என்ற அளவில் சிமெண்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண்ணும் மணலும் கல்லும் இட்டு நிரப்பிவிட வேண்டும். இவற்றுக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை. இரண்டு மூட்டைச் சிமெண்டும் ஒரு நாள் கூலியும் போதும்.

பெற்றோருக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் மாணாக்கர் பலர் ஆழ்துளைக் கிணற்றை ஒருமுறையும் எட்டிப் பார்த்திராதவர்கள். கம்பங்கொல்லையில் வளர்ந்த பிள்ளைக்கோ அந்தத் துளையின் அகலம் தெரியும். உள்ளே பாறை எப்படி இருக்கும், மண் எங்கே சரியும் என்பதெல்லாம் தெரியும். அத்தகைய பிள்ளை கணிதமும் இயற்பியலும் கற்றுக் கிண்டிக்குப் போய்ச் சேர்ந்தால், தொடுகை அறிவும் கிணற்று அறிவும் ஒரே கையில் கூடும். “நூற்பாலைக்குப் போனால் மாதச் சம்பளம் வருமே” என்று பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வாரம் ஓய்வு கிடைக்கும்போது வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உங்கள் நிலத்தையும், அடுத்தவர் கைவிட்ட நிலத்தையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். மூடாத துளை கண்ணில் பட்டால், அது எவருடையது என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் ஒரு பெரிய கல்லைப் புரட்டி அதன்மேல் வையுங்கள். பிறகு ஊராட்சிக்குச் சொல்லி முறைப்படி நிரப்பச் செய்யுங்கள்.