நூற்றுப் பதினெட்டு ரூபாய்

வங்கியில் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கியதும் பெரும்பாலோர் பார்ப்பது கடைசி வரியைத்தான். நடுவில் 17.70, 118 என்று சில்லறைத் தொகைகள் கழிந்திருப்பது கண்ணில் படுவதில்லை. 15 ரூபாய் எஸ்எம்எஸ் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 17.70. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று போடும் 100 ரூபாய் அபராதம் வரியோடு 118. ஏழைக்கு விதிக்கும் அபராதத்துக்கும் வரி உண்டு.

எங்கள் தெருவில் தையல் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தமிழக அரசு தரும் மகளிர் உரிமைத் தொகையை எடுக்கப் போனார். 1,000 ரூபாய் இருக்க வேண்டிய கணக்கில் 646தான் இருந்தது. மூன்று மாத அபராதம் 354 ரூபாயைப் பணம் ஏறிய அன்றே பிடித்துவிட்டார்கள். கவுன்டரில் கேட்டதற்கு, "சிஸ்டமே எடுத்துக்கும்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார்களாம். இந்தப் பதிலைக் கேட்டுத்தான் நம் மக்கள் படியிறங்கி வந்துவிடுகிறார்கள்.

ஆனால் சிஸ்டத்துக்கும் விதி உண்டு. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, இருப்பு குறைந்ததும் வங்கி வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போகக் கூடாது. செயல்படாமல் கிடக்கும் கணக்குக்கு இந்த அபராதமே கிடையாது.

அக்காவுக்கு எந்தத் தகவலும் வந்திருக்கவில்லை. கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள், முன்னறிவிப்பு வரவில்லை, பணத்தைத் திரும்ப வரவு வைக்க வேண்டும், கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். வாயால் கேட்டபோது கையை விரித்த அதே கிளை, எழுத்தில் கேட்டதும் 354 ரூபாயையும் திருப்பி வரவு வைத்தது. நாம் ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட் என்று சொல்லும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ஏடிஎம் கார்டும் இலவசம். அதை எல்லா வங்கியும் தர வேண்டும். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

இது ஒரு தெருவின் கதையல்ல. 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை முதன்முதலாக ஏறியபோதே பல பெண்களின் கணக்கில் வங்கிகள் கைவைத்து, மாநில அரசு கண்டிக்க நேர்ந்தது. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு அபராதமாக வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. லட்சக்கணக்கில் இருப்பு வைத்திருப்பவர் இதில் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க மாட்டார். கையில் இல்லாதவரிடம், இல்லை என்பதற்காகவே வாங்கிய பணம் இது.

இந்த அபராதம் இல்லாமலும் வங்கி நடத்த முடியும். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு இதைக் கைவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 2025 ஜூலையில் கைவிட்டது. இன்னும் கைவிடாத வங்கிகளும் கைவிடுவதுதான் நியாயம்.

அதுவரை கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பது கெஞ்சல் அல்ல. கிளை மேலாளர் முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது உங்கள் பாஸ்புக்கை வரி வரியாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரரின் பாஸ்புக்கையும் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.