எல்லையூர் வீட்டுச் சுவர்கள்

திருவனந்தபுரத்திற்கும் நாகர்கோவிலுக்கும் இடையே 1979இல் திறந்த இருப்புப்பாதையில் பாறசாலை ஒரு சிறிய நிலையம். சிறிது தெற்கே களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகின்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது.

ஆயினும் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் சுவர்களில் அதே இலக்குமியையும் சரசுவதியையும் காணலாம். அச்சாயலை வகுத்த இரவிவர்மா திருவனந்தபுரத்திற்கு வடக்கே கிளிமானூரில் 1848இல் பிறந்தவர். 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, நிறத்திற்கொரு கல்லாகப் பதித்துத் தம் சித்திரங்களை எளியோர் இல்லங்களுக்கும் எட்டச் செய்தார். நாராயண குரு 1888இல் சிவனைப் பிரதிட்டை செய்த அருவிப்புரம் நெய்யாற்றின்கரைக்கு அருகே உள்ளது. அவர் படமும் பல வீடுகளில் உண்டு. கத்தோலிக்கர் இல்லங்களில் இயேசுவின் திருஇருதயம்.

இங்கு வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலோ நகைக்கடையும் துணிக்கடையும் கொடுத்த நாட்காட்டிகளே சுவரை ஆள்கின்றன. தேர்ந்தவர் கடைக்காரர், மாட்டியவர் நாம்! பயணச்சீட்டு கொடுக்கும் குமாஸ்தாவுக்குச் சித்திரம் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். குழந்தை “இது யார்?” என்று வினவினால் தமிழில் கதை சொல்லத்தக்க படம் ஒன்று முன்னறைக்குப் போதும் என்பது என் துணிபு. ஊரிலிருந்து கொணர்ந்த பாட்டனார் புகைப்படமாயின் இன்னும் நன்று. மலையாளப் பள்ளியில் பயிலும் பிள்ளை தன் பூர்விக ஊரின் பெயரைக் கேட்டறிய அதுவே வழியாகும்.

வெயில் விழும் சுவர் வேண்டா, சாயம் வெளுக்கும். மழை மிகுந்த இப்பகுதியில் சுவர் ஈரம் கசியுமாதலால், சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகள் ஒட்டிக் காற்றோட இடம் விட்டு மாட்டுதல் வேண்டும்.