கவர்மெண்ட் மாத்திரைல ரத்தம் ஏறலையா? எதோட முழுங்குறீங்கன்னு பாருங்க

மாத்தூர், மணலி பக்கத்துல இருந்து செக்கப்புக்கு வர்ற கர்ப்பிணிகள் அடிக்கடி சொல்றது இது: "டாக்டர், கவர்மெண்ட் சத்து மாத்திரைல ரத்தமே ஏறல. வெளிய காசு குடுத்து வாங்கிக்கவா?"

நான் கேக்குறது ஒண்ணுதான். எதோடமா போடுறீங்க?

"டீயோடதான் டாக்டர்."

ஷிப்டுக்குப் போற வீட்டுக்காரருக்கு விடியக்காலைல டீ. தனக்கும் ஒரு டம்ளர், அதுலயே மாத்திரை. ஒரு நாள் கூட விட்டிருக்க மாட்டாங்க. ஆனா ஹீமோகுளோபின் அசையாது.

அந்த மாத்திரைல 60 மி.கி. இரும்பு இருக்கு. வயித்துல அது ஒழுங்கா கரைஞ்சிடும். ஆனா கரையுறது வேற, ரத்தத்துல சேருறது வேற. குடல் எப்பவுமே இரும்புல ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். டீ, காபியோட துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்கள் அந்த இரும்பைப் பிடிச்சுக்கும். பால்ல இருக்குற கால்சியமும் குறுக்க நிக்கும். கடைல வாங்குற மாத்திரையை இதே டீயோட போட்டாலும் கதை இதேதான். காசு மட்டும் போகும்.

தண்ணியோட போடுங்க. எலுமிச்சை ஜூஸ்னா இன்னும் நல்லது. டீக்கும் மாத்திரைக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்க. வெறும் வயித்துல குமட்டுதா? சாப்பிட்டுட்டுப் போடுங்க, கொஞ்சம் குறைவா சேரும், பரவாயில்ல. நிறுத்திடாதீங்க. (மலம் கருப்பா போகும். அதுக்குப் பயந்து நிறுத்துறவங்களும் உண்டு.)

இன்னொண்ணு. இரும்பு, கால்சியம் ரெண்டையும் ஒரே பையில வாங்கிட்டுப் போறீங்க. வேலை முடிஞ்சுதுன்னு ரெண்டையும் ஒண்ணா முழுங்காதீங்க. கால்சியத்தை சாப்பாட்டோட போடுங்க. இரும்பை சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு.

தைராய்டு மாத்திரைக்கும் காலை டீதான் எதிரி. எழுந்ததும் தண்ணியோட போட்டுட்டு, முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழிச்சு டீ குடிங்க. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக்கைப் பாலோட போட்டா பாதி வீண்.

வயசானவங்களுக்கு முழுங்க கஷ்டம்னு சுகர் மாத்திரையைப் பொடிச்சு ரசத்துல கலக்குற வீடுகளும் இருக்கு. அட்டைல 'எஸ்.ஆர்.'னு போட்டிருந்தா அது பல மணி நேரம் மெதுவா கரையுறதுக்காகவே செஞ்சது. பொடிச்சா மொத்த டோஸும் ஒரேயடியா இறங்கும். முழுங்க முடியலைன்னு எங்ககிட்ட சொல்லுங்க, வேற மாத்திரை எழுதலாம்.

அடுத்த தடவை வரும்போது ரத்தம் ஏறலைன்னா, மாத்திரை அட்டையோட என்ன குடிச்சீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.