அண்டை வீட்டுக் கடிகாரம்

நெய்வேலி நகரியம் வட்டம் வட்டமாகப் பிரித்து அமைக்கப்பட்டது. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நாள்தோறும் சில நிமிடம் பின்தங்கும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பணிபுரிந்த என் தந்தையார் ஒருநாள் இரண்டாம் ஷிப்டுக்குப் புறப்படுமுன் என்னை அழைத்தார். அடுத்த வட்டத்தில் வானொலி கேட்டுக் கடிகாரம் திருத்தும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். "தம்பி, அவர் வீட்டில் மணி கேட்டு ஓடி வா" என்றார்.

ஓடிச் செல்ல இரண்டு நிமிடம் ஆயிற்று. திரும்பும் வழியில் வண்டிக்காரர் ஒருவர் பண்ணுருட்டிப் பலாவைப் பிளந்துகொண்டிருந்தார். அம்மணத்தை விட்டு வர மனமில்லை. வீடு சேர எட்டு நிமிடம் ஆயிற்று. தந்தையார் கணக்கில் வல்லவர். நான் போய்வந்த பத்து நிமிடத்தில் பாதியை ஆசிரியர் சொன்ன மணியோடு கூட்டி முள்ளைத் திருப்பினார். கூட்ட வேண்டியதோ எட்டு. அந்த மூன்று நிமிடத்தில் பேருந்து போயிற்று. ஒருநாள் ஊதியமும் போயிற்று. அன்றிரவு அழுதுகொண்டே பலாப்பழக் கதையை ஒப்புக்கொண்டேன்.

இன்று கணினிகளும் இவ்வாறே மணி கேட்கின்றன. இணையத்தில் சரியான நேரத்தைச் சொல்வதற்கென்றே உள்ள கணினிகளை நேர வழங்கிகள் என்பர். அவற்றை வினவும் முறையை 1985-ஆம் ஆண்டளவில் வகுத்தவர், பின்னர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த டேவிட் மில்ஸ். வினா சென்று விடை வரும் நேரத்தில் பாதியையே இம்முறையும் வழிநேரமாகக் கொள்கிறது. போக்கும் வரவும் சமமாயின் பிழையில்லை. சமமன்றேல், பிழை அச்சுற்றுநேரத்தில் பாதிவரை போகலாம். ஆதலின் வழி குறுகக் குறுகப் பிழையும் குறுகும்.

அருகில் கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2003-இல், ஒரு நிறுவனம் விற்ற இணையக் கருவிகள் சில அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து வழங்கி ஒன்றையே வினவுமாறு அமைந்திருந்தன. வினாடிக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்கள் அங்கே வந்து குவிந்தன! அவ்வாண்டிலேயே ஏட்ரியன் வான் பிடர் என்பவர் தன்னார்வலர்களின் வழங்கிகளைப் பொதுத் தொகுதியாகத் திரட்டத் தொடங்கினார். எங்கள் வட்டங்களைப் போல அத்தொகுதி கண்டங்களாகவும், கண்டத்துக்குள் நாடுகளாகவும் பகுக்கப்பட்டுள்ளது. ஆசியாவுக்கு ஒரு பெயர், இந்தியாவுக்கு ஒரு பெயர். அப்பெயரைக் கேட்கும் கணினிகளுக்கு அப்பகுதி வழங்கிகளின் முகவரிகள் மாறி மாறித் தரப்படுவதால் சுமை ஒன்றன்மேல் மட்டும் விழுவதில்லை.

ஆயினும் தேசப்படத்தில் அருகிலிருப்பது கம்பியிலும் அருகில் இருக்கும் என்பதில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி நேரே செல்கிறது. உள்நாட்டு வழங்கியை நாடும் வினாவோ சில வேளை சுற்றுவழியில் அலையக்கூடும். நாட்டெல்லைப்படி வகுத்தது எளிமை கருதியே என்று எனக்குத் தோன்றுகிறது. நன்கு அமைக்கப்பட்ட கணினி ஒரு வழங்கியை மட்டும் நம்புவதில்லை. நான்கைந்தை வினவி, மற்றவற்றோடு ஒவ்வாததைத் தள்ளிவிடும்.

என் தந்தையாரும் அதன்பின் அதைத்தான் செய்தார். எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளுக்கு என்னையும் தங்கையையும் அனுப்புவார். விடைகள் முரண்பட்டால் என்னுடையதைத் தள்ளிவிடுவார்.